காகித ஆலை ஸ்டாக் பிரிவு நாட்குறிப்பு: கன்சிஸ்டன்சி

மார்ச் 3
ரிஃபைனர் (நாரை அரைக்கும் இயந்திரம்) லோடு மாறவில்லை, எஸ்.ஆர். (எண் ஏற ஏறத் தண்ணீர் மெதுவாக வடியும் என்று காட்டும் அளவு) மட்டும் 28-லிருந்து 33-க்கு ஏறிவிட்டது. திரையில் கன்சிஸ்டன்சி, அதாவது ஸ்டாக்கில் (நாரும் தண்ணீரும் கலந்த கூழ்) நாரின் சதவீதம், 3.5-இல் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. இவ்வளவு நேரான கோட்டைப் பார்த்தாலே சந்தேகம் வரவேண்டும். 200 கிராம் ஸ்டாக்கை வடிகட்டி, 105 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்தினால் 7 கிராம் நிற்கணும். நின்றது 6. அதாவது 3.0.

அரை சதவீதம்தானே என்று விடமுடியாது. மணிக்கு 60 கனமீட்டர் ஓட்டத்தில் 3.5 என்றால் 2.1 டன் நார். ரிஃபைனரின் நிகர லோடு (சும்மா சுழல எடுப்பது போக) 126 கிலோவாட், டன்னுக்கு 60 யூனிட். 3.0 என்றால் 1.8 டன்தான், டன்னுக்கு 70 யூனிட். ஏற்கெனவே பலமுறை பல்ப் (கூழ்) ஆன குட்டை நார் மேலும் வெட்டுப்படும். ஒயரில் (தாள் உருவாகும் சல்லடை) தண்ணீர் வடியாது, பிரஸ்ஸில் (தாளைப் பிழியும் உருளைகள்) தாள் அறும்.

மார்ச் 4
கன்சிஸ்டன்சி சென்சாரின் பிளேடில் பேல் (பழைய அட்டைக் கட்டு) கட்டும் பிளாஸ்டிக் பட்டை சுற்றியிருந்தது, அதன்மேல் நார் திரண்டு விரல் தடிமன். இழுவை கூடினால் 'ஸ்டாக் கெட்டி' என்று சென்சார் சொல்லும்; வால்வு திறந்து பேக் வாட்டரை (ஒயரில் வடிந்த தண்ணீர்) ஊற்றும். சுத்தம் செய்தபின் லேபில் 3.2.

மார்ச் 6
மீதி வித்தியாசம் பேல் கலவையால். பிளேடு அளப்பது நாரின் இழுவையை, எடையை அல்ல. அமெரிக்க ஓ.சி.சி. (பழைய அட்டைப் பெட்டி) கூடினால் நீள நாரால் இழுவையும் கூடும், அதே 3.2-ஐ 3.5 என்று காட்டும். உள்ளூர் அட்டை கூடினால் நேர் எதிர். இரண்டு கலவைக்கும் தனித்தனி கேலிபரேஷன் கர்வ் (சென்சார் சிக்னலைச் சதவீதமாக மாற்றும் கோடு) போட்டாயிற்று.

மார்ச் 9
இப்போது கோடு அலைகிறது. லூப்பை (சென்சார், கண்ட்ரோலர், வால்வு சேர்ந்த தானியங்கிச் சுற்று) மேனுவலில் போட்டுப் பார்த்தோம். அலை நின்றிருந்தால் டியூனிங்கோ வால்வு ஒட்டுவதோ காரணம். நிற்கவில்லை, ஆகவே வெளியிலிருந்து வருகிறது. டைல்யூஷன் தண்ணீரும் (ஸ்டாக்கை நீர்க்க வைப்பது) கழுவும் ஷவரும் ஒரே ஹெடரில் (பொதுக் குழாய்) இருக்கின்றன. ஷவர் திறக்கும்போதெல்லாம் பிரஷர் விழுகிறது. டைல்யூஷனுக்குத் தனி பம்ப் வைக்காமல் கண்ட்ரோலரைத் திருகுவது வீண் வேலை.

பல்ப்பர் (பேலைத் தண்ணீரில் கரைக்கும் தொட்டி) பக்கமும் கவனிக்கணும். 20 டன் பேட்ச், 5 சதவீதம் வேண்டுமென்றால் 10 சதவீத ஈரமுள்ள பேல் 1,111 கிலோ. மழையில் நனைந்து ஈரம் 20 ஆனால் அதே எடையில் 889 கிலோ நார்தான், கன்சிஸ்டன்சி 4.4. நார் ஒன்றோடொன்று உரசுவது குறையும், கட்டி பிரியாது, ஸ்கிரீன் ரிஜெக்டில் (சல்லடையில் ஒதுங்கும் கழிவு) நல்ல நாரும் போகும்.

மார்ச் 11
கலவை மாறியதும் கர்வை மாற்றிவிடக்கூடாது. பல்ப்பருக்கும் சென்சாருக்கும் இடையில் 60 கனமீட்டர் செஸ்ட் (ஸ்டாக் தொட்டி), ஓட்டமும் மணிக்கு 60. நன்றாகக் கலக்கினால்கூட ஒரு மணி நேரத்தில் சுமார் 63 சதவீதம்தான் புது ஸ்டாக். அந்த நேரத்துக்கு லேப் சாம்பிள்தான் கணக்கு, அரை மணிக்கு ஒன்று.