நவம்பர் வந்தா மூணு நாள்தான் ஆபீஸ்

"பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான்." எங்க அப்பா இதை என்னைப் பத்தி சொல்லி வைக்காத சொந்தக்காரங்களே கிடையாது. கல்யாண வீட்ல பந்திக்கு உக்காந்தா பக்கத்து இலைக்காரர்கிட்ட கூட சொல்லிருவாரு, இவ எதுலயும் நிக்க மாட்டா சார்னு. அவர் சொல்றதும் தப்பில்ல. மதுரைல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ் பாக்குறேன், பைனாகுலரை தூக்கிக்கிட்டு கண்மாய் கண்மாயா பறவை பாக்குறேன், கல்வெட்டு படிக்க கத்துக்கிட்டு இருக்கேன், ப்ளவுஸ்ல ஆரி வொர்க்னு கொக்கி ஊசி எம்பிராய்டரி போடுவேன். நாலுல எதுலயும் நான் பெரிய ஆள் இல்ல.

முன்னாடியெல்லாம் இது ஒரு வியாதி மாதிரி தோணும். எல்லாரும் ஷேர் பண்ணுவாங்களே நாலு வட்டம் போட்ட ஒரு படம், உனக்கு பிடிச்சது, உனக்கு வர்றது, ஊருக்கு தேவைப்படுறது, காசு தர்றது, நாலும் சேர்ற நடுப்புள்ளிலதான் உன் வாழ்க்கை இருக்குன்னு, அதை ப்ரிண்ட் எடுத்து பீரோ கதவுல ஒட்டி வச்சு ஒரு வருஷம் பாத்துருக்கேன், நடுவுல எனக்கு ஒண்ணுமே கிடைக்கல. பறவை பாத்தா யாரு காசு குடுப்பா?

ஆரிக்கு குடுப்பாங்க. அதனால 2018ல அதை தொழிலாக்கிப் பாத்தேன். இன்ஸ்டாகிராம்ல பேஜ் ஆரம்பிச்சு நாலஞ்சு ப்ளவுஸ் போட்டோ போட்டதுமே ஆர்டர் வந்துருச்சு, அக்கம்பக்கத்துல எல்லாம் ஒரே பேச்சு, அப்பாவே கொஞ்சம் அசந்துட்டாரு. ஆனா கல்யாண ப்ளவுஸ் எப்ப வரும்? முகூர்த்த மாசத்துல. ஆடி முழுக்க ஈ ஓட்டிட்டு ஆவணி பொறந்ததும் வரிசையா வந்து நிப்பாங்க. எங்க ஆபீஸ்ல டேக்ஸ் ஆடிட் ரிப்போர்ட்டுக்கு கடைசி தேதி செப்டம்பர் 30. ஆவணியும் அதே நேரம்தான். பகல் முழுக்க பேலன்ஸ் ஷீட், ராத்திரி சாப்பிட்டு வந்து ஃப்ரேம்ல உக்காந்தா ஜர்தோசி சரிகைக் கம்பி கண்ணுக்குள்ள குத்துற மாதிரி இருக்கும். ஒரு பொண்ணுக்கு முதுகுல மயில் கேட்டுருந்தாங்க, ராத்திரி மூணு மணி வரைக்கும் உக்காந்து முடிச்சு குடுத்தா "அக்கா, மயிலுக்கு கழுத்து குட்டையா இருக்கு"ன்னு அந்த பொண்ணு சொல்லுச்சு. குட்டைதான். எனக்கும் தெரியும். பிரிச்சு திரும்ப போட நேரமில்ல. 4,500 ரூபாய் பேசுனதுல ஆயிரத்தை குறைச்சு வாங்கிக்கிட்டு ஃப்ரேமை சுவத்துல சாத்தி பழைய போர்வையை போட்டு மூடுனேன், ரெண்டு வருஷம் அதைத் தொடல.

அந்த ரெண்டு வருஷத்துல மெதுவா ஒண்ணு புரிஞ்சுச்சு. சண்டை ஆரிக்கும் அக்கவுண்ட்ஸுக்கும் இல்ல, ரெண்டோட காலண்டருக்கும் நடுவுலதான். எது என் பேஷன், எது என் வேலைன்னு மண்டையை உடைச்சுக்கிட்டு இருந்தேனே ஒழிய எது எந்த மாசத்துல வரும்னு ஒரு நாள் கூட எழுதிப் பாக்கல. வேலை என்னவோ தேதி பாக்குற வேலை!

ஒரு ஞாயித்துக்கிழமை நோட்டை எடுத்து எழுதுனேன். மாசா மாசம் 7ஆம் தேதி டிடிஎஸ் (முன்னாடியே பிடிச்ச வரி) கட்டணும், 11 ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை பில் கணக்கு), 20 வந்தா 3பி (ஜிஎஸ்டி கட்டுற ரிட்டர்ன்). 20 ராத்திரி முடிஞ்சா மாச கடைசி வரைக்கும் மூச்சு விடலாம். வருஷத்துக்குன்னு பாத்தா ஜூலை 31 வருமான வரி, செப்டம்பர் 30 ஆடிட், அக்டோபர் 31 ஆடிட் கேஸ் ரிட்டர்ன் (நீட்டிச்சாங்கன்னா அதுவும் தள்ளிப் போகும், அது வேற வயித்தெரிச்சல்). அதுக்கப்பறம் நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும், டிசம்பர்ல ஜிஎஸ்டி ஆண்டு ரிட்டர்ன் கொஞ்சம் இடிச்சாலும், ஆபீஸ்ல டீ குடிச்சே பொழுது போகும். பக்கத்து பக்கத்துல பறவைங்களோட காலண்டரை எழுதுனேன். வடக்க இருந்து வர்ற வாத்து, உள்ளான், வாலாட்டி எல்லாம் இங்க வந்து இருக்கிறது அதே நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும்தான். எழுதி முடிச்சிட்டு கொஞ்ச நேரம் அந்த பேப்பரையே பாத்துக்கிட்டு இருந்தேன்.

சார்கிட்ட போய் பேசுனேன். ஜூலைல இருந்து அக்டோபர் வரைக்கும் ஞாயிறு கூட வர்றேன், நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் வாரம் மூணு நாள் மட்டும் வர்றேன், அந்த நாலு மாசம் சம்பளத்துல 6,000 குறைச்சுக்கங்கன்னேன். "எதுக்கும்மா?"ன்னாரு. கொக்கு பாக்கன்னு சொன்னா நல்லாருக்காதுன்னு "வீட்ல வேலை இருக்கு சார்"னேன். ஒத்துக்கிட்டாரு. ஜனவரில பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும்ல, குறைஞ்சது 15 நிமிஷம் ஒரு இடத்துல நின்னு பாத்ததை எண்ணி இபேர்ட்ங்கிற பறவைக் கணக்கு ஆப்ல ஏத்தணும், அதுல என் போட்டோவை யாரோ அவருக்கு அனுப்பிட்டாங்க. இப்ப ஆபீஸ்ல எனக்கு "கொக்கு மேடம்"னு பேரு.

கல்வெட்டு நானா தேடிப் போனது இல்ல, பறவை இழுத்துட்டுப் போன இடம். மேலூர் பக்கம் அரிட்டாபட்டிக்கு ஷாகீன் பைரி, லகர் வல்லூறுன்னு ரெண்டு வேட்டைப் பறவை பாக்க போயிருந்தோம், 2022ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரிய தலம்னு அறிவிச்ச மலை. (2024 கடைசில டங்ஸ்டன் சுரங்கம்னு ஏலம் விட்டு, சுத்துப்பட்டு ஜனங்க மதுரைக்கே பேரணியா வந்து, ஜனவரி 2025ல மத்திய அரசு ரத்து பண்ணுச்சே, அதே மலைதான்.) கழுத்து வலிக்க மேலயே பாத்துக்கிட்டு இருந்தவ வெயில் தாங்காம குகைக்குள்ள ஒதுங்குனா, பாறைல தமிழ்-பிராமி, தமிழோட பழைய எழுத்து. ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல பழசு. கூட வந்த அக்கா விரலை வச்சு ஒவ்வொரு எழுத்தா காட்டுனாங்க, கடைசில "கொடுபிதோன்"னு முடியுது, கொடுக்க வச்சவன்னு அர்த்தமாம். அட, இது நன்கொடை ரசீதுடான்னு தோணுச்சு. யாரு குடுத்தா, என்ன குடுத்தான்னு எழுதி வச்சுருக்கான், தேதி மட்டும் இல்ல, எங்க ஆபீஸா இருந்தா திருப்பி அனுப்பிருப்போம்.

அதுக்கப்பறம் விடல. பிராமி எழுத்து, வட்டெழுத்து, சோழர் காலத்து தமிழ்னு தட்டுத்தடுமாறி படிக்கிறேன். படிக்க படிக்கத்தான் தெரியுது, கோயில் கல்வெட்டுல பாதிக்கு மேல வெறும் கணக்கு. நிலம் இவ்வளவு, நெல்லு இவ்வளவு, வரி கிடையாது, யாரு பொறுப்பு. நிறைய பேருக்கு இது போர் அடிக்கிற இடம், எனக்கு இதுதான் சீட்ல சாய்ஞ்சு உக்காந்து படிக்கிற இடம். தஞ்சாவூர் பெரிய கோயில்ல ராஜராஜன் விளக்குக்கு ஏற்பாடு பண்ணதை எடுத்துக்கங்க. ஒரு விளக்கு அணையாம எரியணும்னா தினம் ஒரு உழக்கு நெய். அதுக்கு 96 ஆடு, இல்லன்னா 48 பசு, இல்லன்னா 16 எருமை, இதை இடையர்கள்கிட்ட ஒப்படைச்சுருவாங்க, அவங்க நெய் அளக்கணும். அந்த ஆட்டுக்கு பேரு "சாவா மூவாப் பேராடு". சாகாது, கிழடாகாது. மொதல்ல ஏதோ பக்தி விஷயம்னு நினைச்சேன், அப்பறம்தான் பொறி தட்டுச்சு. ஆடு செத்தா குட்டி இருக்கு, கிழடான ஆட்டுக்கு பதிலா புதுசு வந்துரும், கணக்குல மட்டும் என்னைக்கும் 96. முதல் குறையவே கூடாது, வர்ற பலனை மட்டும் செலவு பண்ணலாம். இன்னைக்கு ட்ரஸ்ட் கணக்குல கார்ப்பஸ் ஃபண்ட்னு நாங்க தனியா காட்டுறோமே, அதேதான்! ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஆட்டுல. அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. பதினாலு வருஷமா சோத்துக்காக பாக்குற வேலைன்னு நான் கேவலமா நினைச்ச ஒண்ணுதான் அந்த கல்லை எனக்கு திறந்து காட்டுச்சு.

ஐராவதம் மகாதேவன் பத்தி அப்பப்ப நினைச்சுப்பேன். படிச்சது கெமிஸ்ட்ரியும் சட்டமும், வேலை ஐஏஎஸ், ஓய்வு நேரத்துல தமிழ்-பிராமி. மதுரை பக்கம் மாங்குளம் கல்வெட்டுல பாண்டியன் நெடுஞ்செழியன் பேரை 1960கள்ல படிச்சு சொன்னவரு. சிந்து எழுத்து தொகுப்பு 1977ல வந்துச்சு, நடுவுல 1987ல இருந்து நாலு வருஷம் தினமணி ஆசிரியரா வேற இருந்தாரு, தமிழ்-பிராமி பத்தின பெரிய புத்தகம் வெளிவந்தது 2003ல. கிட்டத்தட்ட நாப்பது வருஷம் ஒரு விஷயத்தை விடாம பக்கத்துலயே வச்சுருந்துருக்காரு. சு. தியடோர் பாஸ்கரனும் அப்படித்தான், தபால் துறைல பெரிய அதிகாரி, பறவை, காட்டுயிர், தமிழ் சினிமா வரலாறுன்னு எழுதி சினிமா புத்தகத்துக்கு தேசிய விருதே வாங்கிருக்காரு. அவங்க பெரிய அதிகாரிங்க, நான் குக்கர் விசில் எண்ணிக்கிட்டே "ழ"வுக்கும் "ள"வுக்கும் வித்தியாசம் பாக்குறவ, சரிதான். ஆனா அவசரப்படாம இருக்க அவங்கதான் தைரியம் குடுக்குறாங்க.

சும்மா கிடைக்கல எதுவும். எனக்கு அப்பறம் சேந்த பையன் இப்ப எனக்கு மேனேஜர், லீவுக்கு அவன்கிட்டதான் கேக்கணும். வருஷத்துக்கு 24,000 சம்பளம் போகுது, அது போக பைனாகுலர் ஒரு 11,000. ஒரே விஷயத்துல முங்கி எழுந்தவங்களைப் பாத்தா இப்பவும் பொறாமையா இருக்கும், எங்க குழுல ஒரு தம்பி சத்தத்தை மட்டும் கேட்டே கதிர்க்குருவில எந்த வகைன்னு சொல்லிருவான், எனக்கு இன்னும் படத்தைப் பாத்தாலே குழப்பம்.

எங்க தெருவுல ஸ்கூல் வேன் ஓட்டுற அண்ணன் ஒருத்தர் இருக்காரு. காலைல 9 மணிக்கு மேல மூணு மணி வரைக்கும் வேன் சும்மா நிக்கும், அவர் அந்த நேரத்துல மாடில தவில் சாதகம் பண்ணுவாரு. கல்யாணக் கச்சேரிக்கு போறதில்ல, முகூர்த்தமும் ஸ்கூல் ட்ரிப்பும் ஒரே நேரம். சாயங்கால கோயில் திருவிழா மட்டும் வாசிப்பாரு. நான் இத்தனை நாள் கழிச்சு கண்டுபிடிச்சதை அவர் காலண்டர் எழுதிப் பாக்காமலே எப்பவோ செஞ்சுட்டாரு, ஆனா பகல் தூக்கம் தூங்குற எதிர்வீட்டு பாட்டிக்கு அதுல சந்தோஷம் இல்ல.

ஃப்ரேமை திரும்ப எடுத்துட்டேன். ஆர்டர் கிடையாது, காசு கிடையாது, வீட்டாளுங்களுக்கு மட்டும். அக்கா பொண்ணுக்கு சடங்குக்கு ஒரு ப்ளவுஸ் போய்க்கிட்டு இருக்கு, மயில் கேட்டா, போட முடியாதுன்னு சொல்லிட்டு நீலவால் பஞ்சுருட்டான்னு ஒரு பறவை போடுறேன், அது எப்பவோ பறந்துரும் போல இருக்கு, வால் இன்னும் முடியல. இன்னைக்கு தேதி 10. மூணு பார்ட்டி இன்னும் சேல்ஸ் பில் அனுப்பல, அவங்களுக்கு போன் போட்டுட்டு வர்றேன்.