காவலறைப் புத்தகம்: டர்பன் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 24

உயினெனெ ம்ர்வெட்யானாவின் நினைவு நாள். 2019இல் கேப் டவுனின் கிளேர்மாண்ட் தபால் நிலையத்திற்குப் பொட்டலம் வாங்கச் சென்ற அந்தப் பத்தொன்பது வயதுப் பல்கலைக்கழக மாணவியை அங்கே வேலை பார்த்தவனே கொன்றான். என் மகள் கறுப்பு நாடா ஒன்றை மணிக்கட்டில் கட்டிக்கொண்டாள். கட்டிவிடட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றாள்.

ஆகஸ்ட் 26

மகள் படிக்கும் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டேன். 2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி அவர்கள் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். நான் யாருடைய பெயரையும் கேட்கவில்லை. கடந்த மூன்று ஆண்டுகளில் விடுதிகளிலும், நூலகத்திலிருந்து விடுதிக்கு இறங்கும் சரிவுப் பாதையிலும் என்னென்ன குற்றங்கள் காவலறையின் ஓ.பி. புத்தகத்தில், அதாவது நடந்த சம்பவங்களைக் குறித்துவைக்கும் பதிவேட்டில், எழுதப்பட்டன என்பதை மட்டுமே கேட்டிருக்கிறேன். மகளுக்காகப் புகார் கொடுக்கப் போன அன்றிரவு அந்தப் புத்தகத்தை என் கண்ணாலேயே பார்த்தேன். காவலாளி அதை மூடி, அதன்மேல் தன் முழங்கையை வைத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 27

மகள் இரவு ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

செப்டம்பர் 2

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் படிக்கும் அண்ணன் மகன் தன் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பு அறிக்கையை அனுப்பியிருந்தான். விடிய விடியப் படித்தேன். 1986 ஏப்ரல் 5 அன்று, அதே மாநிலத்தின் லீஹை பல்கலைக்கழக விடுதியில் ஜீன் கிளெரி என்ற பத்தொன்பது வயது மாணவி வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டாள். தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவுகளை யாரோ முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்திருந்தார்கள். கொன்றவன் அவ்வழியே நுழைந்தான். அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் அவ்வளாகத்தில் 38 வன்முறைக் குற்றங்கள் நடந்திருந்தன என்பது பெற்றோருக்குப் பிறகுதான் தெரியவந்தது. மகளைச் சேர்க்கும்போது அந்த எண்ணிக்கையை ஒருவரும் அவர்களிடம் சொல்லவில்லை. அந்தப் பெற்றோர், ஹோவர்டும் கோனியும், ஓயாமல் போராடினார்கள். குற்ற எண்ணிக்கையை வெளியிட வேண்டும் என்பது 1990இல் நாடு முழுமைக்குமான சட்டமாயிற்று, 1998இல் கிளெரி சட்டம் என்று அவர்கள் மகளின் பெயரும் அதற்கு வைக்கப்பட்டது. கூட்டாட்சி அரசின் மாணவர் நிதியுதவியில் பங்குபெறும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் அக்டோபர் 1க்குள் முந்தைய மூன்று ஆண்டுகளின் குற்ற எண்ணிக்கையை வெளியிட வேண்டும். வளாகக் காவல் பிரிவு இருந்தால் அது நாள்தோறும் குற்றப் பதிவேடு எழுத வேண்டும். புகார் வந்த இரண்டு வேலை நாட்களுக்குள் அது பதிவாக வேண்டும். கடைசி 60 நாட்களின் பக்கங்களை அலுவலக நேரத்தில் எவர் கேட்டாலும் காட்ட வேண்டும். எவர் கேட்டாலும்! தாயென்று நிரூபிக்க வேண்டியதில்லை, காரணம் சொல்ல வேண்டியதில்லை.

செப்டம்பர் 5

சரிவுப் பாதையில் விளக்கு இன்னும் எரியவில்லை.

செப்டம்பர் 11

எண்ணிக்கை மட்டும் போதுமா என்ற கவலை இன்று முழுவதும் என்னை விடவில்லை. ஒரு வளாகம் வன்கொடுமைக்கு நேராகப் பூச்சியம் என்று எழுதினால், அங்கே எதுவும் நடக்கவில்லை என்று நம்புவதா, எந்தப் பெண்ணும் வாய்திறக்கத் துணியவில்லை என்று கொள்வதா? கூடுதலான எண் காட்டும் இடம்தான் பெண்கள் நம்பிப் புகார் கொடுக்கும் இடமாகவும் இருக்கலாம். எதிர்வீட்டு அம்மா, "பல்கலைக்கழகத்தின் பேர் கெட்டுவிடுமே" என்றார். பேரைக் காப்பாற்றத்தான் அங்கேயும் மறைத்தார்கள். அச்சட்டத்தை மீறியதற்காக 2016இல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு ஏறத்தாழ 24 இலட்சம் டாலரும், 2024இல் லிபர்ட்டி பல்கலைக்கழகத்துக்கு 1 கோடியே 40 இலட்சம் டாலரும் அபராதம் விதிக்கப்பட்டன. மறைத்தால் நட்டம் என்ற நிலை வந்தால்தான் இங்கேயும் ஒருவர் அந்தப் புத்தகத்தைத் திறப்பார்.

செப்டம்பர் 17

புரட்டாசி பிறந்தது. நாத்தனார் வந்து, "பெண் பிள்ளை விஷயம், விட்டுவிடுங்கள் அண்ணி, நாளைக்கு அவளுக்குத்தான் பேச்சு வரும்" என்றார். நான் பதில் சொல்வதற்குள் உள்ளறையிலிருந்து மகள், "விடவேண்டாம் அத்தை" என்றாள். அதற்குமேல் அவரும் பேசவில்லை.

செப்டம்பர் 24

மரபுரிமை நாள், விடுமுறை. அஞ்சலும் இல்லை, அழைப்பும் இல்லை.

செப்டம்பர் 26

பதிவுகள் பல இடங்களில் சிதறிக் கிடப்பதால் மேலும் 30 நாட்கள் வேண்டுமாம். சட்டம் அதற்கு இடம் தருகிறது என்பதும் உண்மை. ஆனால் நான் பார்த்தது ஒரே மேசை, ஒரே புத்தகம். கோபத்தில் கை நடுங்கியது.

அக்டோபர் 1

அங்கே இன்று அறிக்கை வெளியிடும் கடைசி நாள். இங்கே காவல்துறை காலாண்டுக்கு ஒருமுறை நிலையவாரியாகக் கணக்கு வெளியிடுகிறது. எங்கள் நிலையத்தின் எண்ணைப் பார்த்தேன். வீடும் கடையும் நெடுஞ்சாலையும் வளாகமும் எல்லாம் அந்த ஒற்றை எண்ணுக்குள் இருக்கின்றன. அதில் சரிவுப் பாதை எங்கே என்று எப்படித் தேடுவேன்? கிளெரி சட்டம் வளாகத்தையும், அதனுள் இருக்கும் விடுதியையும், வளாகத்தை ஒட்டிய பொதுச் சாலையையும் தனித்தனியே எண்ணச் சொல்கிறது. உயினெனெ நடந்த தெரு எந்தப் பல்கலைக்கழகத்தின் கணக்கில் வந்திருக்கும் என்று மறுபடியும் நினைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 7

தகவல் அலுவலரிடமிருந்து தொலைபேசி. நாளை காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்கிறார்கள். மகளும் வருகிறாள். எங்கள் புகாரின் கேஸ் எண்ணையும் தேதியையும் தாளில் எழுதி வைத்திருக்கிறேன்; அன்றிரவின் பக்கம் புத்தகத்தில் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் கேட்பேன்.