கூர்மை என்றால் எவ்வளவு கூர்மை? சிலிக்கான் நானோ வெட்டும் என் ரிவ்யூவும்

எம்.இ. ப்ராஜெக்ட் முதல் ரிவ்யூ. சிலிக்கானை நானோ அளவில் வெட்டுவதுதான் என் தலைப்பு. "டூல் எவ்வளவு கூர்மை?" என்று கேட்டார் தேர்வாளர். "வைர டூல் சார், ரொம்பக் கூர்மை" என்றேன். "விளிம்பு ஆரம் 40 நானோமீட்டர், வெட்டு ஆழம் 4 நானோமீட்டர்னு வைங்க. இப்பவும் கூர்மையா?" எனக்கு வாயே திறக்கவில்லை. இதே தலைப்பை எடுத்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

அந்த வாரம் ஊருக்குப் போனேன். சாயல்குடியைத் தாண்டி நரிப்பையூர் பக்கம், கடலோரப் பனங்காடு. அப்பா பனையேறி. பலகையில் வெள்ளைக்கல் பொடியைத் தூவி பாளை அருவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். தினமும் எதற்கு என்று கேட்டேன். "மழுங்குனா பாளை சீவாதுய்யா, நசுங்கும். நசுங்குன வாயில பதநீ எப்படி வடியும்?" அன்று அவர் சீவிய துண்டை வாங்கிப் பார்த்தேன், விரல் ரேகை மறுபக்கம் தெரியும் அளவுக்கு மெலிசு.

ராத்திரி, டூல் விளிம்பின் உருண்டையைப் பெரிதாக்கி ஒரு வட்டமாக வரைந்தேன். ஆய்வுக் கட்டுரைகளைத் திறக்கும் முன் நீங்களும் இதைச் செய்யுங்கள். ஆரம் 40, ஆழம் 20 என்றால், சிலிக்கானின் மேற்பரப்பு வட்டத்தைத் தொடும் இடத்தில் ரேக் கோணம் (டூலின் முகம் செங்குத்திலிருந்து சாயும் கோணம்; மைனஸ் என்றால் முன்பக்கம் சாய்ந்து அமுக்கும்) மைனஸ் 30 டிகிரி. ஆழம் 4 என்றால் ஏறக்குறைய மைனஸ் 64. டூலின் ரேக் கோணம் பூஜ்யம் என்று நாம் எழுதியிருக்கலாம். சிலிக்கான் சந்திப்பது அந்த உருண்டையை மட்டும்தான். வளைவில் ஒரு பிரிபுள்ளி இருக்கிறது. அதற்கு மேலே உள்ளது சீவலாக எழும்; கீழே உள்ளது விளிம்புக்கு அடியில் அமுங்கிப் போய், கொஞ்சம் மீண்டு எழும். ஆழம் மிகக் குறைந்தால் சீவலே வராது, உரசலும் உழுதலும்தான். அமுக்கும் விசை வெட்டு விசையை மிஞ்சும். ஆழத்தை மாற்றாமல் விளிம்பு ஆரத்தைக் கூட்டினால் பரப்புக்கு அடியில் சேதமும் ஆழமாகும்.

அதற்காக மழுங்கல் என்றாலே கெடுதல் என்று எழுதிவிடாதீர்கள். சிலிக்கான் நொறுங்கும் பொருள். அழுத்தம் சுமார் 11, 12 ஜிகாபாஸ்கலை எட்டும்போது வைரத்தைப் போன்ற அதன் அணு அமைப்பு உலோகத்தன்மை கொண்ட பீட்டா-டின் அமைப்பாக மாறி, விரிசல் விடாமல் இளகிக் கொடுக்கிறது. அந்த அழுத்தத்தைத் தருவதில் உருண்ட விளிம்புக்குப் பெரும் பங்கு உண்டு. டூல் கடந்து அழுத்தம் இறங்கியதும் அந்த அடுக்கின் பெரும்பகுதி பழைய ஒழுங்குக்குத் திரும்பாமல் அமார்ஃபஸாக நின்றுவிடும். பாளையில் இதெல்லாம் கிடையாது. ஒப்பீட்டை இங்கேயே விட்டுவிடுங்கள்.

மாலிக்யூலர் டைனமிக்ஸ் (அணுக்களின் அசைவைக் கணினியில் கணக்கிடும் சிமுலேஷன்) ஓட்டுபவர்களிடம் வெட்டும் வேகத்தைக் கட்டாயம் கேட்பார்கள். கணக்கு முடியவேண்டும் என்பதற்காக நொடிக்குப் பத்துக்கணக்கில், நூற்றுக்கணக்கில் மீட்டர் வைக்கிறோம். நிஜ எந்திரம் அதைவிட மிக மெதுவாக வெட்டும். நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது ரிவ்யூவில் ஸ்லைடுக்கு முன்னால் போர்டில் வட்டத்தைப் போட்டேன். "எதுவரைக்கும் சீவலாப் போகும்?" என்றார். புள்ளி வைத்தேன். "ஆழத்தை மாத்தாம ஆரத்தை ரெண்டு மடங்காக்குங்க." பெரிய வட்டத்தைப் போட்டு, புள்ளியை மேலே ஏற்றி, சீவலுக்கு மிஞ்சிய சின்ன இடைவெளியைச் சாக்பீஸால் தீட்டிக் காட்டினேன்.