பிரிட்ஜில் தடுக்காமல் சோலோ வாசிக்க

கெர்ஷ்வின் 1930-இல் மெட்டமைத்த 'ஐ காட் ரிதம்' பாட்டின் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) வரிசைமேல் ஜாஸ்காரர்கள் கட்டிய புது மெட்டுகள் ஏராளம். 32 பார் (தாள அளவு), ஏஏபிஏ அமைப்பு: 8 பார் ஏ பகுதி இரண்டு முறை, பிறகு பிரிட்ஜ் எனப்படும் பி பகுதி, மீண்டும் ஏ. ஏ பகுதியில் பி ஃபிளாட் ஸ்கேலை வைத்தே ஒப்பேற்றிவிடலாம். மாட்டிக்கொள்வது பிரிட்ஜில்தான்: டி7, ஜி7, சி7, எஃப்7 கார்டுகள், தலா 2 பார். அங்கேயும் அதே ஸ்கேலை ஓட்டினால் டி7-இன் எஃப் ஷார்ப்போடு உங்கள் எஃப் முட்டும்.

முதலில் கார்டின் மூன்றாம், ஏழாம் சுரங்களை மட்டும் பிடியுங்கள். டி7-க்கு எஃப் ஷார்ப்பும் சியும். அடுத்து எஃப், பி. பிறகு இ, பி ஃபிளாட். கடைசியில் இ ஃபிளாட், ஏ. ஒவ்வொரு மாற்றத்திலும் இரண்டுமே அரைச்சுரம் இறங்குகின்றன, பாருங்கள். பியானோ இல்லாமலே கார்ட் காதில் விழும்.

இன்னொரு கண்ணி: கடைசி ஏ பகுதி முடிந்ததும் அடுத்த சுற்றின் 2 ஏ பகுதிகள். தொடர்ந்து 24 பார் ஒரே மாதிரி. எண்ணிக்கை தப்பினால் பிரிட்ஜுக்குள் நீங்கள் மட்டும் தனியாக நிற்பீர்கள்.