டபுள் எட்ஜ் ரேசர் வாங்கப் போறீங்களா, முதல்ல தலையைப் பாருங்க

டபுள் எட்ஜ் ரேசர், அதாவது ரெண்டு பக்கமும் கூர் உள்ள ஒத்தைப் பிளேடை மாட்டுற ரேசர், வாங்கலாம்னு ஆன்லைன்ல தேடினா முதல்ல கண்ணுல படுறது ஹேண்டில்தான். ரோஸ் கோல்டு, மேட் கருப்பு, மரக் கைப்பிடின்னு விதவிதமா இருக்கும், போட்டோவும் நல்லா எடுத்திருப்பாங்க, ஆனா முகத்துல படப்போறது ஹேண்டில் கிடையாது, மேல இருக்கற தலை. அந்தத் தலை தோலுக்கு சாதுவா முரடாங்கறதுலதான் எல்லாமே இருக்கு. ஹேண்டில் கைக்கு வாகா இருந்தா போதும். நாலஞ்சு வருஷமா இதே ஆர்வமா இருக்கேன், சொந்தக்காரங்க, ஆபீஸ் பசங்கன்னு நிறைய பேருக்கு ரேசர் பாத்துக் குடுத்திருக்கேன், அதனால தோணினதை ஒரே இடத்துல எழுதி வைக்கலாம்னு.

போன மாசம் எங்க சித்தப்பா பையன் கேட்டான், "அண்ணா, ஆயிரம் ரூபாக்குள்ள நல்லதா ஒரு ரேசர் சொல்லுங்க."

"முதல்ல காலரை எறக்கி கழுத்தைக் காட்டுடா."

"கழுத்து எதுக்குண்ணா?"

எதுக்குன்னா, காலர் உரசுற இடத்துல பொடிப்பொடியா சிவப்புக் கட்டி, ரெண்டு இடத்துல முடி வெளிய வராம தோலுக்கு அடியிலயே சுருண்டு கறுப்புக் கோடா தெரிஞ்சுது. அவனுக்கு முரட்டு முடி, கொஞ்சம் சுருட்டையும் கூட, யூஸ் பண்றது அஞ்சு பிளேடு கார்ட்ரிட்ஜ், அதாவது பிளேடெல்லாம் சேர்ந்து ஒரே தலையா வர்ற டைப். 1971ல ஜில்லெட் ட்ராக் 2ன்னு ரெண்டு பிளேடு வந்துச்சு, 1998ல மாக் 3, 2006ல ஃப்யூஷன்ல அஞ்சு பிளேடு. இதோட வேலையே என்னன்னா முன்னாடி போற பிளேடு முடியைப் பிடிச்சு லேசா வெளிய இழுக்கும், அது திரும்ப உள்ள போறதுக்குள்ள பின்னாடி வர்ற பிளேடு வெட்டிடும், வெட்டுப்பட்ட முனை தோலுக்குக் கீழ போய் உக்காந்துக்கும். நேரான முடி உள்ளவங்களுக்கு இதுல பெரிய தொந்தரவு இல்ல, கன்னமும் வழவழன்னு இருக்கும். சுருட்டை முடிக்கு அந்தக் கூர் முனை வெளிய வர வழி தெரியாம பக்கத்துத் தோலையே குத்திக்கிட்டு வளரும், கட்டி கட்டியா வரும். ஒத்தைப் பிளேடு தோல் மட்டத்துல வெட்டிட்டு விட்டுடும், அதனால இந்த மாதிரி கழுத்துக்காரங்களுக்கு டபுள் எட்ஜ் உண்மையிலேயே நல்லது பண்ணும். ஆனா சாதுவான தலை வேணும், அதையும் எதிர்ப்பக்கமா இழுக்காம முடி வளர்ற திசையிலயே இழுக்கணும். கட்டி ரொம்ப இருந்தா, சீழ் வெச்சா, தோல் டாக்டரைப் பாக்கறதுதான் சரி, ரேசர் மாத்தினா மட்டும் தீராது.

சரி, தலைன்னா என்ன. ஒரு மூணு பீஸ் ரேசரைக் கழட்டிப் பாருங்க, ஹேண்டிலைத் திருகினா கையில மூணு துண்டு வரும், மேல்மூடி, அடித்தட்டு, ஹேண்டில், மூடியோட அடியில மரை போட்ட ஒரு குச்சி நீட்டிக்கிட்டு இருக்கும். பிளேடு 0.1 மில்லிமீட்டர் கனம்தான், கையில பிடிச்சா தளதளன்னு ஆடும். மூடியோட உள்பக்கம் வளைவா இருக்கும், ஹேண்டிலை முறுக்க முறுக்க பிளேடு அந்த வளைவுக்குள்ள அழுந்தி வளையும், பேப்பரை லேசா வளைச்சுப் பிடிச்சா தொங்காம நிமிர்ந்து நிக்குமே அதே சங்கதி, வளைஞ்சதும் அந்தத் தகடு விறைச்சுக்கும். கிங் கேம்ப் ஜில்லெட் இதுக்கு பேட்டன்ட் வாங்கினது 1904ல. அவ்வளவு மெல்லிய தகட்டை சூடாக்கிக் கெட்டிப்படுத்தி கூர் வைக்கறது ஆகாத காரியம்னுதான் அப்ப நினைச்சாங்க, வில்லியம் நிக்கர்சன்ங்கற இன்ஜினியர்தான் அதுக்கு மெஷினும் முறையும் கண்டுபிடிச்சார். 1903ல வித்தது வெறும் 51 ரேசர், 168 பிளேடு, அடுத்த வருஷமே 90,000 ரேசருக்கு மேல. முதல் உலகப்போர்ல அமெரிக்க ராணுவம் சிப்பாய்களுக்கு ஆளுக்கு ஒண்ணு குடுத்ததுல பழக்கம் ஊரெல்லாம் பரவிடுச்சு. அந்த பிளேடோட அளவு உலகம் பூரா பொது அளவா நின்னுடுச்சு, நீங்க ஜெர்மன் ரேசர் வாங்கினாலும் தெருமுனை பெட்டிக்கடை பிளேடு அதுல உக்காரும். கார்ட்ரிட்ஜ்ல இது நடக்காது, ஹேண்டில் வாங்கின அன்னிக்கே அந்தக் கம்பெனியோட கட்டிப் போட்டுடுவாங்க.

இப்ப சாது, முரடு விஷயத்துக்கு வர்றேன். பிளேடு முனைக்கும் அதுக்குக் கீழ தோலைத் தாங்கற கம்பிக்கும் நடுவுல உள்ள இடைவெளிதான் கேப். கம்பெனிக்காரங்க இதை மில்லிமீட்டர்ல போடுவாங்க, வாங்குறவங்களும் இந்த ஒரு நம்பரை வெச்சே முடிவு பண்றாங்க. அதைவிட முக்கியமானது எக்ஸ்போஷர். மூடியோட விளிம்பையும் கீழ் கம்பியையும் சேர்த்து மனசுல ஒரு கோடு போடுங்க, பிளேடு முனை அந்தக் கோட்டுக்கு உள்ள அடங்கி இருந்தா சாது, வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா முரடு. கேப் கொஞ்சம் பெருசா இருந்தும் சாதுவா வெட்டுற ரேசர் உண்டு, கேப் சின்னதா இருந்தும் சுள்ளுன்னு பிடிக்கறதும் உண்டு. ஜெர்மன்காரங்க ம்யூலெ கம்பெனில ஆர்89, ஆர்41னு ரெண்டு இருக்கு, ஒரே மாதிரி ஹேண்டில்தான் போட்டுத் தர்றாங்க, ஆனா ஆர்89 புதுசா பழகறவங்களுக்குத் தாராளமா குடுக்கலாம், ஆர்41 சந்தையில கிடைக்கற முரட்டு ரேசர்கள்ல ஒண்ணு. போட்டோ பாத்து அழகா இருக்கேன்னு ஆர்41 ஆர்டர் போட்டு முதல் ஷேவிங்லயே மோவாய்க்குக் கீழ ரத்தம் பாத்தவங்க எனக்குத் தெரிஞ்சே இருக்காங்க.

ஆர்41 ஓப்பன் கோம்ப், அதாவது கீழ கம்பிக்குப் பதிலா சீப்பு மாதிரி பல் இருக்கும். இதைப் பாத்துட்டு ஓப்பன் கோம்ப்னாலே முரடுன்னு பேசுறவங்க நிறைய, அது சரியில்ல, சாதுவான ஓப்பன் கோம்பும் இருக்கு. பல் எதுக்குன்னா நீளமா வளர்ந்த முடியும் நுரையும் அடைக்காம நடுவுல போறதுக்கு. தினமும் ஷேவிங் பண்றவங்களுக்கு இது தேவைப்படாது. நம்மள்ல நிறைய பேர் செவ்வாய் வெள்ளி கை வைக்க மாட்டோம், சனிக்கிழமையும் சில வீட்ல ஆகாது, கடைசில ஞாயித்துக்கிழமை நாலஞ்சு நாள் தாடியோட கண்ணாடி முன்னாடி நிப்போம், அவங்களுக்கு சாதுவான ஓப்பன் கோம்ப் நல்லா உதவும். சபரிமலைக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் வளர்த்த தாடின்னா எந்த ரேசரும் வேண்டாம், ட்ரிம்மர்ல ஒட்ட வெட்டிட்டு அப்புறமா ரேசரை எடுங்க.

பட்டாம்பூச்சி மாதிரி ரெண்டு பக்கமும் திறக்கற டைப் ஒண்ணு இருக்கு, கீழ குமிழைத் திருகினா மேல கதவு திறந்து பிளேடு மாத்திக்கலாம், வயசானவங்களுக்கும் கை நடுக்கம் உள்ளவங்களுக்கும் அது சௌகரியம், பிளேடு மாத்தும்போது தலையைக் கழட்டி மாட்டுற வேலையே இல்ல. ஆனா நான் இருக்கறது தாம்பரம் பக்கம், வீட்ல போர் தண்ணி, உப்பு அப்படி. பக்கெட் விளிம்புல, குழாய் வாய்ல வெள்ளையா படியுமே அதே உப்பு அந்தக் கதவுக் கீல்லயும் உள்ள இருக்கற கம்பிலயும் படிஞ்சு கொஞ்ச நாள்ல கறகறன்னு திருகவே வராது, உள்ள கை விட்டுத் தேய்க்கவும் முடியாது. மூணு பீஸ்னா கழட்டி, வினிகர் கலந்த தண்ணில கொஞ்ச நேரம் போட்டுட்டு பழைய டூத் பிரஷால தேய்ச்சா புதுசு மாதிரி ஆயிடும். போர் தண்ணி வீடுகளுக்கு மூணு பீஸ்தான், இதுல எனக்கு ரெண்டாவது யோசனையே கிடையாது. ஷேவிங் சோப்பு போடுறவங்க இன்னொண்ணும் பண்ணுங்க, நுரை அடிக்க மட்டும் அரை டம்ளர் கேன் தண்ணி எடுத்துக்கோங்க. கடினத் தண்ணில இருக்கற கால்சியமும் மெக்னீசியமும் சோப்பைத் திரிய வெச்சிடும், எவ்வளவு பிரஷ் சுத்தினாலும் நுரை நிக்காது, நுரை இல்லாம எந்த ரேசரும் எரிச்சல்தான் குடுக்கும், அப்புறம் ரேசரைத் திட்டுவீங்க.

உலோகம் எதுன்னு பாக்கறது அடுத்தது. பெரும்பாலான ரேசர் தலை ஜமாக், அதாவது துத்தநாகக் கலவையை அச்சுல ஊத்தி மேல குரோம் முலாம் பூசினது. விலை குறைய இதுதான் காரணம், நல்ல முலாமா இருந்தா பல வருஷம் வரும், மெர்க்கூர் 34சி, எட்வின் ஜாக்கர் டிஇ89, ம்யூலெ ஆர்89 எல்லாத்துக்கும் தலை இதுலதான், அதனால ஜமாக்னா மட்டம்னு நினைக்க வேண்டாம். ஆனா முறுக்கும்போது நிதானமா முறுக்கணும், கீழ போடவும் கூடாது. என் மச்சானோட ரேசர் பாத்ரூம் திண்டுல இருந்து டைல்ஸ் மேல விழுந்து அந்த மரைக்குச்சி ஒட்ட ஒடிஞ்சுபோச்சு, பாதி ஹேண்டிலுக்குள்ளயே மாட்டிக்கிச்சு, வித்தவங்க வாரன்ட்டில வராதுன்னுட்டாங்க. பித்தளையில செஞ்சு முலாம் போட்டது இதைவிடத் தாங்கும், எவர்சில்வர்ல கடைஞ்சதுன்னா பேரன் காலம் வரைக்கும் வரும், விலையும் அதுக்கு ஏத்த மாதிரி இருக்கும், அது ரெண்டாவது ரேசரா இருக்கட்டும்.

காசு போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை பரண்ல தேடிப் பாருங்களேன். 2010ல ஜில்லெட் கார்டு 15 ரூபாய்க்கு, பிளேடு அஞ்சு ரூபாய்க்கு வந்தப்போ நிறைய வீட்ல அப்பா தாத்தா வெச்சிருந்த ரெண்டு பக்க ரேசர் மூலைக்குப் போச்சு. அதுல பித்தளை ரேசர் கிடைச்சா அதிர்ஷ்டம்தான். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணில ஊற வெச்சு பிரஷ் போட்டுக் கழுவுங்க, கொதிக்கற தண்ணில போடாதீங்க, பழைய முலாம் உரிஞ்சு வரும். அடித்தட்டு வளையாம, மரை தேயாம இருந்தா இன்னிக்கும் அருமையா ஓடும், அந்தக் காலத்து ரேசர் நிறைய சாது ரகம்தான்.

திருகித் திருகி நம்பர் மாத்தற அட்ஜஸ்டபிள் ரேசர் பத்தியும் கேக்கறாங்க, ஜில்லெட்டே 1958ல ஒண்ணுலருந்து ஒம்பது வரைக்கும் நம்பர் போட்டு ஒண்ணு கொண்டு வந்தாங்க, இப்ப மெர்க்கூர் ப்ரோக்ரஸ் அஞ்சு வரைக்கும் போகும். ராக்வெல் கம்பெனி வேற மாதிரி, மூணு அடித்தட்டு குடுத்து ரெண்டு பக்கமும் திருப்பிப் போடலாம், 0.20ல இருந்து 0.79 மில்லிமீட்டர் வரைக்கும் ஆறு கேப். நல்ல யோசனைதான், ஆனா முதல் மாசத்துல நம்ம கை, கோணம், நுரை, பிளேடு எல்லாமே புதுசு, அதோட தினம் ஒரு நம்பரும் மாத்தினா எரிச்சல் எதனால வந்துச்சுன்னு கண்டே பிடிக்க முடியாது. ராக்வெல் வாங்கறவங்க சின்ன கேப் உள்ள தட்டைப் போட்டுட்டு கொஞ்ச காலம் அதைத் தொடாம இருங்க.

ரேசர்ல மிச்சம் பிடிச்ச காசை பிளேடுல போடுங்க, இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். ஒரே ரேசர் ஒரு பிளேடுல முள்ளாவும் இன்னொரு பிளேடுல மெத்துன்னும் இருக்கும். டோபாஸ், சூப்பர் மேக்ஸ், செவன் ஓ கிளாக், வில்கின்சன் ஸ்வார்டு எல்லாம் நம்ம ஊர்லயே சில்லறைக் காசுக்குக் கிடைக்குது, ஒவ்வொண்ணுலயும் ஒரு பாக்கெட் வாங்கி ஒரு பிளேடு முடிஞ்சப்புறம் அடுத்ததுன்னு போட்டுப் பாருங்க. ஜப்பான் ஃபெதர் பயங்கரக் கூர், அதைக் கை பழகின பிறகு தொடுங்க. பிளேடு எப்படி கையாளணும்னு பாக்கணும்னா சலூன்ல நிக்கற அண்ணனைக் கவனிங்க, உறையைப் பிரிக்காம பேப்பரோடவே நீளவாக்குல மடக்கி டக்குன்னு ரெண்டா ஒடிப்பார், விரல் கூர்ப்பக்கம் போகவே போகாது, பாதியைக் கத்தில சொருகிட்டு மீதிப் பாதியை அதே பேப்பருக்குள்ள விட்டுடுவார். நாமளும் முழு பிளேடை மாட்டும்போது வெட்டாத ரெண்டு ஓரத்துல மட்டும் பிடிக்கணும். அழுத்தம் சுத்தமா வேண்டாம், ரேசரோட கனமே வெட்டிடும், மூடி கன்னத்துல பட்டு மெதுவா ஹேண்டிலை எறக்கிக்கிட்டே வந்தா சுமார் முப்பது டிகிரில வெட்டுற சத்தம் கேக்கும், அந்தக் கோணத்துலயே நில்லுங்க. முடிச்சதும் ஈரத்தோட படிகாரக் கல்லைத் தடவினா எங்க எரியுதோ அங்க நீங்க அழுத்தியிருக்கீங்கன்னு தெரிஞ்சுடும்.

தம்பிக்கு நான் சொன்னது நம்ம ஊர்லயே செய்யற, ஆயிரத்துக்குள்ள வர்ற மூணு பீஸ் ரேசர், கீழ பல் இல்லாத கம்பி, பார்க்கர் மாதிரி ஏற்றுமதிக்குச் செய்யற இந்தியத் தயாரிப்பும் நிறைய இருக்கு. ரெண்டு மூணாயிரத்துக்கு மேல போட முடியும்னா மெர்க்கூர் 34சி இல்லாட்டி ஆர்89, இந்த ரெண்டும் வாங்கி வருத்தப்பட்டவங்களை நான் பாத்ததில்ல. பார்சல் வந்தவுடனே பாத்ரூமுக்கு ஓடாம பிளேடைப் போட்டு முறுக்கி, நல்ல வெளிச்சத்துல மூடிக்கு மேல இருந்து நேரா பாருங்க, ரெண்டு பக்கமும் பிளேடு ஒரே அளவு நீட்டிக்கிட்டு இருக்கணும், கேப்பும் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஒண்ணா இருக்கணும். கோணலா இருந்தா ஒரு தடவை கழட்டி, பிளேடோட வெட்டாத ரெண்டு ஓரத்தையும் பிடிச்சுக்கிட்டே திரும்ப முறுக்குங்க. அப்பவும் கோணல்னா அது அச்சுலயே இருக்கற குறை, தண்ணி படாம அப்படியே பேக் பண்ணி ரிட்டர்ன் போட்டுடுங்க.