வானில் அடுக்கிய மண் மூட்டைகள்

மட்டக்களப்பின் படுவான்கரையில் ஒரு சிறிய குளக்கட்டைப் பல ஆண்டுகள் பராமரித்த தொழில்நுட்ப உத்தியோகத்தன் நான். உன்னிச்சை, நவகிரி போலப் பெயர்பெற்ற குளமல்ல. மூன்று ஆள் உயர மண்கட்டு, நீரைத் திறந்துவிட ஒரு துருசு, நிரம்பினால் மிகுநீர் தானாக வழிந்தோட ஒரு வான். அதன் கீழே வயல்வெளி, நாங்கள் வட்டை என்போம்; வட்டைக்குக் கீழே இரண்டு கிராமங்கள்.

மேட்டுக் காட்டிலிருந்து ஒரே இரவில் இறங்கும் நீரை வாங்கி வைத்து, இரண்டு மூன்று நாளில் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதற்கே அந்தக் கட்டு. எங்கள் தரை வாவிவரை தட்டையாகக் கிடக்கிறது. வாவியும் நிரம்பி, அது கடலில் சேரும் முகத்துவாரத்தின் மணல்திட்டு வெட்டப்படாமல் இருந்தால், வெள்ளத்துக்குப் போக்கிடம் இல்லை. ஆகவே மழை தொடங்கும்போது குளம் வெறுமையாக இருக்க வேண்டும். அந்த வெற்றிடம்தான் கீழே இருப்பவர்களின் பாதுகாப்பு.

இதை விவசாயிகளிடம் சொல்வது எளிதன்று. ஒரு கார்த்திகைக் காலையில் போய்ப் பார்த்தேன்: வானின் மேல் இரண்டு வரிசை மண் மூட்டைகள், இடைவெளிக்குக் களிமண் பூசி, அழகாக அடுக்கியிருந்தார்கள். இரவெல்லாம் சுமந்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் வரவில்லை, வயிறு கலங்கியது. வானை ஒன்றரை அடி உயர்த்தினால், கட்டின் உச்சிக்கும் நீருக்கும் இடையே உள்ள தூரம் அதே அளவு குறைகிறது. மண்கட்டின் மேலால் நீர் வழியத் தொடங்கினால் வெளிச்சரிவை அறுத்துக்கொண்டே போகும். பிறகு மனிதக் கையால் நிறுத்த முடியாது.

"தம்பி, அந்த மூட்டைக்குப் பின்னால் எங்கள் சிறுபோகம் நிற்கிறது" என்றார் வயல்களுக்கு நீர் பங்கிடும் பொறுப்பிலிருந்த வட்டைவிதானையார். அவர் சொன்னது உண்மை; கோடையில் செய்யும் அந்த நெற்போகம் குளத்தில் மறித்த நீரை நம்பியது. மார்கழி முடியும்வரை துருசு திறந்தே இருக்கும், அதன் பிறகு நீரை மறிப்போம் என்று பேசி முடித்தோம். மூட்டைகள் இறங்கின. ஒரு வருடம் மழை முந்தி ஓய்ந்து, மறிக்க நீரே இல்லாமல் சிறுபோகம் பொய்த்தது. அந்த முகங்களை நான் மறக்கவில்லை. ஆனாலும் அந்த முடிவை மாற்றியிருக்க மாட்டேன்.

கட்டு மேலால் வழிந்துதான் உடையும் என்றில்லை. 1986 ஏப்ரல் 20 அதிகாலை கந்தளாய்க் குளம் உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அது மாரிக்காலம் அல்ல. அதனால்தான் கறையான் புற்று, மர வேர், மாடு இறங்கிய தடம் என்று ஒவ்வொரு வாரமும் கட்டடியில் நடந்தேன். கசிவு எல்லாக் கட்டிலும் உண்டு. தெளிவாகக் கசிந்தால் அளந்து குறித்துக்கொள்ளலாம். கலங்கி வந்தால் கட்டு உள்ளே கரைகிறது என்று பொருள்.

2011 ஜனவரியில், மாவட்டமே நீரில் மூழ்கிய அந்த நாட்களில், வான் பாய்ந்துகொண்டிருந்தபோது கட்டடியில் ஓரிடம் கலங்கிக் கொப்பளித்தது. நான் ஆள் அனுப்பும் முன்பே விதானையாரும் பதினைந்து பேரும் மூட்டைகளோடு வந்துவிட்டார்கள். ஊற்றை அடைக்காமல், அதைச் சுற்றி வளையமாக அடுக்கி, உள்ளே மணலும் சரளையும் கொட்டினோம். வளையத்துக்குள் நீர் மட்டம் ஏற ஏற, மண் அரிப்பது குறைந்தது. இரவு முழுவதும் விதானையார் கண்ணாடிக் குவளையில் நீரை மொண்டு அரிக்கேன் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். விடியும் நேரத்தில் குவளையை என்னிடம் நீட்டினார். அடியில் மண் தங்கவில்லை.