கிழக்கு வாசலில் விட்ட செருப்பு

திருவிடைமருதூர் சிவன் கோயிலுக்குப் போகிறவர்கள் செருப்பை எங்கே விடுவது என்று முதலிலேயே யோசித்துவிடுவது நல்லது. நாங்கள் யோசிக்கவில்லை. தஞ்சாவூரிலிருந்து காலை பாசஞ்சரில் வந்து இறங்கி, நடை சாத்துவதற்குள் தரிசனம் ஆகிவிட வேண்டுமே என்ற அவசரத்தில் கிழக்குக் கோபுர வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு அத்தையும் நானும் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டோம். மகாலிங்கத்தைக் கண் நிறையப் பார்த்து, மூகாம்பிகை சந்நிதியில் சற்று உட்கார்ந்துவிட்டு, சரி கிளம்பலாம் என்று வந்த வழியே திரும்பியபோதுதான் அத்தை என் கையைப் பிடித்து இழுத்தார்.

"வந்த வாசல் வழியா போகக் கூடாதுடா."

"செருப்பு அங்கேதானே அத்தை இருக்கு?"

"இருக்கட்டும். அங்கே இன்னொண்ணும் இருக்கு."

அந்த இன்னொன்று பிரம்மஹத்தி. வரகுண பாண்டியனின் குதிரைக் காலில் மிதிபட்டு ஓர் அந்தணர் இறந்துபோக, அந்தப் பாவம் அரசனை விடாமல் துரத்தியது. மதுரைச் சொக்கநாதர் அவனைத் திருவிடைமருதூருக்குப் போகச் சொன்னார். அவன் கிழக்கு வாசல் வழியாக உள்ளே வந்தான், பிரம்மஹத்தியால் நுழைய முடியவில்லை, திரும்பி வரட்டும் பிடித்துக்கொள்ளலாம் என்று வாசலிலேயே நின்றுவிட்டது. சுவாமியோ அவனை மேற்கு வாசல் வழியாக அனுப்பிவிட்டார். அது இன்னும் காத்திருக்கிறது என்பதுதான் கதை. கிழக்குப் பக்கத்தில் அதற்கு ஒரு சிலையும் உண்டு. அதனால் வந்த வாசலில் யாரும் திரும்புவதில்லை, வேறு வாசல் வழியாகத்தான் வெளியேறுகிறார்கள்.

நாங்களும் வேறு வாசல் வழியாகத்தான் வந்தோம். அப்புறம் பங்குனி மாதத்துப் பன்னிரண்டு மணி வெயிலில், தார் ரோட்டில், மதில் நிழல் கிடைத்த இடத்தில் எல்லாம் நின்று நின்று, வெறுங்காலோடு வீதியைச் சுற்றிக்கொண்டு கிழக்கு வாசலுக்குப் போனோம். அத்தை பத்தடி முன்னாலேயே நின்றுகொண்டு, "நீ போய் எடுத்துண்டு வந்துடு" என்றார்.

"அது என்னைப் பார்த்துட்டா?"

"நீ என்ன பாண்டிய ராஜாவா? போடா."

வேலை விஷயமாக எனக்குத் தஞ்சாவூரில் ஆறு மாதம் இருக்க வேண்டி வந்தது. அத்தை வீட்டில்தான் தங்கல். முதல் வாரம் பெரிய கோயில், இரண்டாவது வாரமும் பெரிய கோயில், மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தை ஒரு டிபன் டப்பாவில் புளியோதரையும் ஒரு பாட்டில் மோரும் எடுத்து வைத்துக்கொண்டு, "ரயில்ல போயிட்டு ராத்திரிக்குள்ள வந்துடலாம், வா" என்றார். எங்கே என்று கேட்டதற்கு, ஸ்டேஷனுக்குப் போய் எந்த வண்டி நிற்கிறதோ அதைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றார். இப்படித்தான் தொடங்கியது.

ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகத் தலங்களையும் காட்டிவிடும் வேன்கள் இந்தப் பக்கத்தில் நிறைய ஓடுகின்றன. அதில் ஒருமுறை போயிருக்கிறேன். எந்தக் கோயிலில் எந்தக் கிரகம் என்பதே சாயங்காலத்துக்குள் குழம்பிவிட்டது. எல்லா இடத்திலும் இறங்கி ஓடியதும் டிரைவர் ஹாரன் அடித்ததும்தான் நினைவில் நிற்கிறது. பாசஞ்சரில் போனால் அந்த ஓட்டம் நடக்காது. பன்னிரண்டு மணி வாக்கில் நடை சாத்திவிடுவார்கள், நாலு மணிக்கு மேல்தான் திறப்பார்கள், நடுவில் வண்டியும் சரியாக அமையாது. ஒரு நாளைக்கு ஓர் ஊர், மிஞ்சிப்போனால் இரண்டு. மத்தியான நாலு மணி நேரத்தை என்ன செய்வது என்று முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது, உண்மையைச் சொல்வதானால் கோயிலைவிட அந்த நாலு மணி நேரம்தான் இப்போது அதிகம் நினைவுக்கு வருகிறது. ஸ்டேஷன் பெஞ்சில் புளியோதரை, அத்தையின் குட்டித் தூக்கம், யாரோ வந்து உட்கார்ந்து நீங்கள் எந்த ஊர் என்று ஆரம்பித்து, முடிவில் அவர் பெண்ணுக்கு வரன் பார்க்கும் கதைவரை.

செருப்பு எடுத்து வந்த அன்று அப்படி ஒரு மத்தியானத்தில்தான் அத்தை எனக்கு அந்தக் கணக்கைச் சொன்னார். திருவிடைமருதூர் மகாலிங்கம்தான் மூலவர். மற்ற பரிவாரங்கள் அந்தக் கோயிலுக்குள் அடங்கவில்லை, சோழ நாடு முழுக்கப் பரவி இருக்கிறார்கள். பிள்ளையார் திருவலஞ்சுழியில், முருகன் சுவாமிமலையில், நந்தி திருவாவடுதுறையில், தட்சிணாமூர்த்தி ஆலங்குடியில், சண்டிகேசுவரர் சேய்ஞலூரில், நடராஜர் சிதம்பரத்தில், பைரவர் சீர்காழியில், சோமாஸ்கந்தர் திருவாரூரில், நவக்கிரகங்கள் ஆடுதுறைக்குப் பக்கத்து சூரியனார்கோயிலில். "இவ்வளவு தூரமும் ஒரே கோயில்தான்டா. நாம இன்னும் பிராகாரத்துலதான் உட்கார்ந்திருக்கோம்" என்றார். உட்கார்ந்திருந்தது இரண்டாம் பிளாட்பாரத்தில்.

அதற்கப்புறம் எங்களுக்கு எங்கே போவது என்ற குழப்பம் இல்லை.

சுவாமிமலைக்கே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது, கும்பகோணத்துக்கு முன்னாலேயே வந்துவிடும், பாதிப் பேர் அதை மறந்துவிட்டுக் கும்பகோணத்தில் போய் இறங்குகிறார்கள். கட்டுமலைதான், மனிதர் கட்டி எழுப்பியது, ஏற்றம் ஒன்றும் பிரமாதமில்லை, 60 படி. பிரபவ முதல் அட்சய வரை 60 தமிழ் வருடங்களும் இந்தப் படிகள்தான் என்பார்கள். நான் பிறந்தது 1983, ருத்ரோத்காரி. அத்தை 1956, துர்முகி. "பேரைப் பார்த்தியா, விகாரமான மூஞ்சியாம், எங்கம்மா அப்பவே சொல்லுவா" என்று சிரித்துக்கொண்டே முழங்காலைப் பிடித்தபடி ஏறினார். மேலே சுவாமிநாதனுக்கு எதிரில் மயில் இல்லை, யானை நிற்கிறது, இந்திரன் கொடுத்ததாம். அப்பாவுக்கே பாடம் சொன்ன பிள்ளை என்று அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார், நான் என் அப்பாவிடம் போனில் பேசி இரண்டு வாரம் ஆகியிருந்தது. கீழே வந்ததும் பேசினேன்.

அதே லைனில் இன்னும் போனால் திருவிடைமருதூர், ஆடுதுறை, அப்புறம் நரசிங்கம்பேட்டை என்று ஒரு சின்ன ஸ்டேஷன். இறங்க ஒன்றும் இல்லை என்று நினைத்துத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம், உள்ளூர்க்காரர் ஒருவர்தான் சொன்னார், நாகஸ்வரம் செய்கிற ஊர் அது என்று. ஆச்சா மரத்தில் கடைந்து செய்வார்கள், 2022-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. காலை பூஜையில் நாம் கேட்கிற நாகஸ்வரத்தில் எத்தனையோ இந்த ஊரில் கடைந்ததுதான் என்று தெரிந்த பிறகு, ஒவ்வொரு தடவையும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. வயலும் தென்னையும்தான் தெரியும்.

சிதம்பரம் போனோம், கூட்டம், அதிகம் சொல்வதற்கில்லை. சீர்காழி அப்படி இல்லை. மூன்று வயதுப் பிள்ளை சம்பந்தர் பசியில் அழுதது இந்தக் குளக்கரையில்தான், பால் குடித்த வாயோடு 'தோடுடைய செவியன்' என்று பாடியது இங்கேதான் என்று அத்தை படிக்கட்டில் உட்கார்ந்து அந்தப் பதிகத்தை முழுசாகச் சொன்னார், நடுவில் ஓர் அடி மறந்துபோய் பக்கத்தில் நின்ற ஒரு கல்லூரிப் பையன் எடுத்துக் கொடுத்தான். 2023-ல் யாகசாலைக்கு மண் தோண்டும்போது தேவாரம் பொறித்த செப்பேடுகள் 400-க்கு மேல் கிடைத்தது இந்தக் கோயிலில்தான். எத்தனை நூற்றாண்டு பாட்டு மண்ணுக்குள் கிடந்திருக்கிறதோ.

ஆறு மாதம் முடிகிற சமயத்தில் அத்தைக்கு ஒரு யோசனை. தஞ்சாவூரிலிருந்து மாயவரம், அதாவது மயிலாடுதுறை, ஒரு லைன், மாயவரத்திலிருந்து பேரளம் வழியாகத் திருவாரூர் ஒரு லைன், திருவாரூரிலிருந்து நீடாமங்கலம் வழியாகத் தஞ்சாவூர் ஒரு லைன். மூன்றையும் சேர்த்தால் ஒரு சுற்று. வடகிழக்கே போய், தெற்கே இறங்கி, மேற்கே திரும்பினால் அது வலமாகத்தான் வருகிறது என்பதை என் போனில் மேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். "ஒரே நாள்ல பிரதட்சணம் பண்ணிடலாம்."

காலையில் மாயவரம், மயூரநாதர் தரிசனம். மத்தியானம் திருவாரூர். கோயில் ஐவேலி, குளம் ஐவேலி என்பார்கள், வேலி என்பது பழைய நில அளவு, கமலாலயத்தின் ஒரு கரையில் நின்றால் எதிர்க்கரை மனிதர்கள் எறும்பு மாதிரி இருக்கிறார்கள். நடை திறக்கிற வரை அந்தப் படிகளில்தான் இருந்தோம். தியாகராஜர் முகம் மட்டும்தான் தெரியும், மற்றதெல்லாம் பூவும் ஆடையும், திருவடி வருடத்தில் குறிப்பிட்ட நாட்களில்தான். சுந்தரர் திருத்தொண்டத்தொகை பாடிய தேவாசிரிய மண்டபத்தைக் காட்டினேன், அத்தை தூணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தஞ்சாவூர் வண்டிக்கு நேரமாகிறது என்று நான் சொன்ன அந்த நிமிஷத்தில்தான் சாயரட்சைக்கு, அதாவது சாயங்கால பூஜைக்கு, மணி அடித்தார்கள்.

திருவாரூர் சாயரட்சைக்கு இந்திரன் முதலான தேவர்கள் எல்லாரும் வந்து நிற்பதாக நம்பிக்கை. அத்தை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தேவலோகத்துலேர்ந்து வந்து நிக்கறா, உனக்கு ரயிலா?" என்றார். தீபாராதனையின்போது அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்த பிறகு நானும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பெரிதாக பக்தி உண்டு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்று மேளச் சத்தத்தில் தொண்டை அடைத்தது உண்மை.

வண்டி போய்விட்டது. பஸ்ஸில், நின்றுகொண்டே பாதி வழி, தஞ்சாவூர் வந்து சேர்ந்தபோது மணி பத்தைத் தாண்டிவிட்டது. படுக்கப் போகும்போது அத்தை கேட்டார்: "பஸ்ஸுல வந்ததுனால பிரதட்சணம் பூர்த்தியாகலையே?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கேட்பவர்கள் சிரிப்பார்கள், பஸ்ஸில் திருவாரூர் போனோம், அங்கிருந்து ரயிலில் திரும்பி வருவதற்காக. வழியில் நீடாமங்கலத்தில் இறங்கி டவுன் பஸ் பிடித்து ஆலங்குடி தட்சிணாமூர்த்தியையும் பார்த்துவிட்டு அடுத்த வண்டியில் ஏறினோம். தஞ்சாவூரில் இறங்கியதும் அத்தை பிளாட்பாரத்திலேயே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கைகூப்பி, நின்ற இடத்திலேயே மெதுவாக மூன்று சுற்று சுற்றினார். டீ விற்கிறவர் கேனை இறக்கி வைத்துவிட்டு, அவர் முடிக்கிற வரை சும்மா நின்றார்.